கிளை ஓரத்து ஊதாவை எடுப்பது எப்படி: மலைப் படங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கொடைக்கானலில் எடுத்த படத்தை எடிட் செய்கிற யாருக்கும் இந்த ஊதா புதிதல்ல. பின்னால் வெள்ளை வெளேரென்று மூடுபனி, முன்னால் கறுப்பாக ஒரு பைன் கிளை. திரையில் பெரிதாக்கினால் கிளையைச் சுற்றி ஊதாவில் ஒரு கோடு ஓடும். "ஏண்ணே, மரத்துக்கு சீரியல் லைட் போட்டிருந்தாங்களா?" என்று காட்டேஜ் விளம்பரத்துக்குப் படம் வாங்க வந்தவர் ஒருவர் கேட்டார். தமாஷாகத்தான் கேட்டார், ஆனாலும் அவர் கண்ணுக்குப் பட்டுவிட்டது.

உடனே கை போகும் இடம் சாச்சுரேஷன். ஊதாவையும் மஜென்டாவையும் பிடித்து மொத்தமாக இறக்கிவிடுவோம். கோடு போகும், கூடவே தூரத்து மலையின் நீலமும், படத்தில் நிற்கிறவரின் கத்தரிப்பூ நிறச் சேலையும் வெளிறிப் போகும். ஊதா ஓரம் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் பல கோளாறுகள். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. எது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு நிமிட வேலைதான்.

அதனால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊதா மூலைகளில் மட்டும் இருக்கிறதா, நடுவிலும் இருக்கிறதா? பொருளின் ஒரு பக்கம் மட்டுமா, சுற்றிலுமா? கூடவே பச்சை எங்காவது தெரிகிறதா? இந்தப் பதில்களை வைத்துக் கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்குப் போகலாம். லைட்ரூம் கிளாசிக்கை வைத்தே அதிகம் சொல்கிறேன். டார்க்டேபிள், ராதெரப்பி, ஜிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களுக்கான வழியையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

மூலைகளில் மட்டும், ஒரு பக்கம் ஊதா அல்லது சிவப்பு, எதிர்ப்பக்கம் பச்சை

பூம்பாறையை மேலே சாலையிலிருந்து அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் இதைப் பார்க்கலாம். நடுவில் இருக்கும் வீடுகள் சுத்தமாக இருக்கும். மூலைக்குப் போகப் போக, கூரைகளின் ஒரு விளிம்பில் ஒரு நிறமும் மறு விளிம்பில் அதற்கு எதிர் நிறமும் ஒட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே அளவில் பதிக்காததால் வருவது இது. மூன்று படங்களும் நடுவில் பொருந்தி, ஓரத்தில் மயிரிழை விலகும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, குறைத்து எடுத்தாலும் போகாது.

சரி செய்வதும் சுலபம். லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பேனலில் ப்ரொஃபைல் பகுதிக்குப் போய் 'ரிமூவ் குரோமாட்டிக் அபரேஷன்' கட்டத்தில் டிக் போடுங்கள். டார்க்டேபிளில் 'ரா குரோமாட்டிக் அபரேஷன்ஸ்' மாட்யூல். ராதெரப்பியில் ரா பகுதியில் இருக்கும் ஆட்டோ கரெக்‌ஷன். ஓரத்து நிறத்தை அழிக்கும் டிஃப்ரிஞ்ச் பக்கமே போக வேண்டாம். நிறத்தை அழிக்கத் தேவையில்லை, இடம் மாறியதைத் திரும்பப் பொருத்தினாலே போதும்.

டிக் போட்டும் போகவில்லையா? அந்தப் படம் ஏற்கெனவே கிராப் செய்து ஜேபெக்காகச் சேமித்ததா என்று பாருங்கள். விலகல் லென்ஸின் மையத்திலிருந்து கணக்காவது. கிராப்பான ஜேபெக்கில் அந்த மையம் வேறெங்கோ போயிருக்கும், மென்பொருளுக்கு அது தெரியாது. பனோரமாவுக்கும் இதே கதைதான்: ஒவ்வொரு படத்திலும் முதலில் சரி செய்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

நடுவிலும் இருக்கிறது, கிளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊதா, பின்னணி வெள்ளை

மலைப் படங்களில் வந்து நிற்பது பெரும்பாலும் இதுதான். கோக்கர்ஸ் வாக்கில் பனி ஏறும் நேரத்துக் கிளை, பேரிஜத்தில் இலைகளின் சந்து வழியே தெரியும் வானம், தாண்டிக்குடி பக்கம் காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கின் சீப்பு சீப்பான இலை எல்லாமே இந்த வகை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஸ்லைடரை எவ்வளவு தள்ளுவது என்பதும் பிடிபடும். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கிறது. லண்டனில் ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை வாங்கிய இரட்டைக் கண்ணாடி லென்ஸ் இரண்டு நிறங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. 1886இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே மூன்று நிறங்களைச் சேர்த்துக் குவிக்கும் நுண்ணோக்கி லென்ஸ்களைக் கொண்டுவந்தார். இன்று விலை கூடிய லென்ஸ்களின் மேல் ஏபிஓ என்று போட்டிருப்பது அந்த வழி வந்ததுதான். இவ்வளவுக்குப் பிறகும் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளி மற்றவற்றோடு சரியாகச் சேர்வதில்லை. பச்சை கூர்மையாக விழும் இடத்தில் இது பரந்து விழும். சாதாரண வெளிச்சத்தில் அந்தப் பரவல் தெரியாது. பின்னணி வானம் வெளிச்சம் மிஞ்சி முழு வெள்ளையாகிவிட்டால்தான், பக்கத்திலிருக்கும் இருட்டுக் கிளை மேல் அது வழிந்து கோடாகத் தெரியும். அபெர்ச்சர் முழுக்கத் திறந்திருந்தால் இன்னும் மோசம்.

இதே ஊதாவை வேண்டி விரும்பிப் பிடித்த இடமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் கால்சியம் கே கோடு எனப்படும் 393 நானோமீட்டர் ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். மற்ற நிறங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டால் ஓரம் பிசிறாது. நமக்கு எல்லா நிறமும் ஒரே படத்தில் வேண்டும், அதுதான் சிக்கல்.

மலையில் புற ஊதா அதிகம், யூவி ஃபில்டர் போட்டால் ஊதா போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் பாதி சரி. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும், கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. படத்தில் தெரிவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஊதாதான். அந்த ஃபில்டரை லென்ஸில் கீறல் விழாமல் காக்க வாங்குவதென்றால் வாங்குங்கள், இதற்காக வேண்டாம்.

இனி வேலை. ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் முதலில் முடித்துவிடுங்கள். அவற்றைப் பின்னால் மாற்றினால் ஓரத்தின் நிறமும் அடர்த்தியும் மாறித் தெரியும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். அடுத்து, முன்பு சொன்ன டிக். அதன் பிறகு லென்ஸ் கரெக்‌ஷன்ஸில் மேனுவல் பகுதிக்குப் போனால் டிஃப்ரிஞ்ச் இருக்கும்.

படத்தை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஊதா எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கே ஐட்ராப்பரால் ஒரு கிளிக். ஊதாவின் அளவையும் நிற எல்லையையும் அதுவே போட்டுக்கொள்ளும். நிறத்தை எடுக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், நீங்கள் கிளையின் கறுப்பிலோ வானத்து வெள்ளையிலோ தட்டியிருக்கிறீர்கள். இன்னும் பெரிதாக்கி, கோட்டின் மேலேயே தட்டுங்கள்.

ஐட்ராப்பர் தருவதை அப்படியே விட்டுவிடுவதில்லை. அமவுன்ட் ஸ்லைடர் 0 முதல் 20 வரை போகும். உலர்ந்த ஒரு பைன் சுள்ளி, 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 என்று வைத்துக்கொள்வோம். ஐட்ராப்பர் 9 என்று போட்டிருக்கும். தடித்த கிளையில் ஊதா போய் மரப்பட்டையின் பழுப்பு திரும்பியிருக்கும். ஆனால் நுனிச் சுள்ளிகளில், ஊசியிலை கொத்தாகச் சேரும் இடங்களில், நீலம் கலந்த மிச்சம் ஒட்டியிருக்கும். இங்கேதான் பலர் அமவுன்ட்டை 15, 18 என்று தள்ளிப் படத்தைக் கெடுக்கிறார்கள். மிச்சம் இருப்பது அளவு போதாமல் இல்லை, அந்த நீலம் எல்லைக்கு வெளியே நிற்பதால். பர்பிள் ஹ்யூ ஸ்லைடரின் நீலப் பக்கத்து முனையை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்துங்கள். எந்த நிறங்கள் எல்லைக்குள் வருகின்றனவோ அவை கறுப்பாகக் காட்டப்படும். சுள்ளி ஓரம் கறுப்பானதும் நிறுத்துங்கள். தூரத்து மலையும் கறுப்பாக ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டீர்கள், கொஞ்சம் திரும்பி வாருங்கள். பிறகு அமவுன்ட்டை 9இலிருந்து கீழே இறக்கி, ஊதா மீண்டும் எட்டிப் பார்க்கும் இடத்துக்கு ஒரு படி மேலே வையுங்கள். அமவுன்ட்டை நகர்த்தும்போதும் ஆல்ட் அழுத்தினால், பாதிக்கப்படும் இடங்கள் மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் வெள்ளையாகும். எங்கெங்கே கை வைக்கிறோம் என்று பார்க்க அது நல்ல வசதி.

டார்க்டேபிளில் 2021இல் வந்த 3.6 பதிப்பு முதல் 'குரோமாட்டிக் அபரேஷன்ஸ்' என்று தனி மாட்யூல் இருக்கிறது. கைடு பச்சையில் இருக்கட்டும். ரேடியஸை ஊதாக் கோட்டின் அகலத்தை மூடும் அளவு வைத்து, ஸ்ட்ரெங்க்த்தைப் பார்த்து ஏற்றுங்கள். அதிலேயே பழைய 'டிஃப்ரிஞ்ச்' மாட்யூலைத் தேட வேண்டாம், அதன் காலம் முடிந்துவிட்டது. ராதெரப்பியில் டீடெயில் பகுதியில் டிஃப்ரிஞ்ச். ரேடியஸும் த்ரெஷோல்டும் அங்கே இருக்கும்.

முன்னால் ஊதா, பின்னால் பச்சை

சாலையோர மைல்கல்லைச் சாய்வாக நின்று, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்துப் பாருங்கள். ஃபோகஸ் விழுந்த எழுத்து சுத்தமாக இருக்கும். அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தின் ஓரத்தில் ஊதா, பின்னால் இருப்பதில் பச்சை. இதுவும் மேலே சொன்ன குடும்பமே. பிரையண்ட் பூங்காவில் பூக்களைக் கிட்டத்தில் எடுப்பவர்களும், கல்யாணப் படத்தில் நகைகளை எடுப்பவர்களும் இதில் மாட்டுவார்கள். டிக் போடும் கட்டம் இதற்கு உதவாது.

டிஃப்ரிஞ்சில் ஊதாவுக்குக் கீழேயே பச்சைக்கும் ஸ்லைடர்கள் உண்டு. ஆனால் மலைப் படத்தில் பச்சையைத் தொடுவது ஆபத்து. படம் முழுக்க இலையாக இருக்கும்போது, இலை ஓரங்கள் எல்லாம் வெளிறிப் போகும். அதனால் பச்சையை மட்டும் பொதுவாகக் கொடுக்காமல், மாஸ்க்கில் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வசதி) பிரஷ் எடுத்து, அதிலிருக்கும் டிஃப்ரிஞ்ச் ஸ்லைடரை ஏற்றி, தேவையான இடத்தில் மட்டும் தீட்டுவது நல்லது. பிரஷ்ஷில் இருக்கும் டிஃப்ரிஞ்ச்சுக்கு நிற எல்லை கிடையாது, எந்த நிற ஓரமானாலும் எடுக்கும். கை கொஞ்சம் நிதானமாகப் போகட்டும்.

ஊதா போய்விட்டது, ஆனால் சாம்பல் கோடு நிற்கிறது

டிஃப்ரிஞ்ச் நிறத்தைத்தான் எடுக்கும். அந்த இடத்தில் கூடுதலாக விழுந்த வெளிச்சம் அப்படியே இருக்கும். அதனால் ஊதாக் கோடு சாம்பல் கோடாக மாறி, கிளை முழுக்கப் பென்சிலால் வரைந்தது போலாகும். முதலில் அமவுன்ட்டைக் குறைத்துப் பாருங்கள். முழுக்க அழிப்பதைவிட லேசான ஊதாவை விட்டுவைப்பது பல படங்களில் இயல்பாக இருக்கிறது, குறிப்பாக வானம் முழு வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் நீலம் கலந்திருந்தால்.

தடித்த கிளைக்கு அதுவும் போதவில்லை என்றால் ஜிம்ப்பில் ஒரு வழி இருக்கிறது, இலவசம், எனக்குப் பிடித்ததும் இதுதான். படத்தின் மேல் புதிதாக ஒரு காலி லேயர் போட்டு, அதன் மோடை 'எல்சிஎச் கலர்' என்று மாற்றுங்கள். ஊதாவுக்குப் பக்கத்திலேயே, சுத்தமாக இருக்கும் மரப்பட்டையிலிருந்து கலர் பிக்கரால் பழுப்பை எடுங்கள். மென்மையான சிறிய பிரஷ்ஷால் ஊதாக் கோட்டின் மேல் தீட்டுங்கள். வெளிச்சமும் பட்டையின் சொரசொரப்பும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். சாம்பலுக்குப் பதில் பழுப்பு வருவதால் கண் அதைக் கிளையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். தீட்டல் வானத்துக்குள் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இந்த மோடில் முழு வெள்ளையிலும் நிறம் ஏறிவிடும்.

ஊசியிலைக் கொத்து மாதிரி நுணுக்கமான இடத்தில் இப்படித் தீட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்கே படத்தின் லேயரை நகலெடுத்து, நகலுக்கு காசியன் பிளர் கொடுங்கள், ஊதாக் கோட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக. அதன் மோடையும் எல்சிஎச் கலர் ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, ஊதா உள்ள இடங்களில் மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் திறந்துவிடுங்கள். ஊதா சுற்றியிருக்கும் நிறத்தில் கரைந்துவிடும்.

ஓரமும் போனது, பூவின் நிறமும் போனது

குறிஞ்சிப் படத்தில் டிஃப்ரிஞ்ச் போட்டால் இப்படி ஆகும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது, கடைசியாக 2018இல் மலை முழுக்கப் பூத்தது, அந்தப் படத்தில் இதழ் ஓரமெல்லாம் சாம்பலாகிக் கிடந்தால் எப்படி இருக்கும். ஜெகரண்டா இன்னும் சிக்கல்: பூவும் ஊதா, பின்னால் வெள்ளை வானம், ஓரத்துக் கோளாறும் ஊதா. எது பூ, எது பிழை என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது.

முதலில் ஹ்யூ எல்லையைக் குறுக்கிப் பாருங்கள். குறிஞ்சி நீலம் கலந்த ஊதா; ஓரத்துக் கோடு மஜென்டா பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். முனைகள் இரண்டும் பத்துக்கு மேல் நெருங்காது, அதற்குள் பிரிந்தால் உண்டு. பிரியவில்லை என்றால் பொதுவான டிஃப்ரிஞ்ச்சை அப்படியே வைத்துவிட்டு, மாஸ்க் பிரஷ்ஷில் டிஃப்ரிஞ்சை மைனஸ் 100க்கு இறக்கிப் பூக்களின் மேல் தீட்டுங்கள். அந்த இடங்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளும். கத்தரிப்பூ நிறச் சேலைக்கும், இரவில் எரியும் ஊதா விளக்குக்கும் இதே வழி. ஜெகரண்டாவுக்கு நான் தலைகீழாகச் செய்வேன்: பொதுவாக எதுவும் போடாமல், வெறும் கிளைகளுக்கு மட்டும் பிரஷ்.

முதலில் இல்லை, டிஹேஸ் இழுத்ததும் வந்தது

மூடுபனியைக் கண்டால், மங்கலைத் துடைக்கும் ஸ்லைடரான டிஹேஸை இழுக்காமல் யாருக்கும் கை நிற்காது. அது கான்ட்ராஸ்ட்டையும் நிற அடர்த்தியையும் சேர்த்து ஏற்றுவதால், இருந்தும் தெரியாத ஊதா வெளியே வரும். கிளாரிட்டி, வைப்ரன்ஸ், ஷார்ப்பனிங் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. டிஹேஸைப் பள்ளத்தாக்குக்கு மட்டும் மாஸ்க்கில் கொடுங்கள்; முன்னாலிருக்கும் கிளைக்கு அது தேவையே இல்லை. பனியைப் பார்க்கத்தானே மலையேறி வருகிறார்கள், அதை ஏன் துடைக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

தண்ணீர் மினுக்கும் புள்ளிகளைச் சுற்றி ஊதா வளையம்

வெள்ளி நீர்வீழ்ச்சித் துளிகள், வெயில் பட்ட ஏரி அலை, காலைப் பனித்துளி. ஒவ்வொன்றாகத் தேடிப் போகாதீர்கள். லேசாக, 3 அல்லது 4 அளவில் பொதுவான டிஃப்ரிஞ்ச் போதும். மிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

கோடாக இல்லை, படத்தின் ஒரு பக்கம் முழுக்க ஊதாத் திட்டு

இது ஃப்ரிஞ்ச் எனும் ஓரக் கோடு அல்ல, ஃப்ளேர். சூரியன் சட்டத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோ இருக்கும்போது லென்ஸுக்குள் ஒளி அடிபட்டுத் தெறிப்பது. செல்போன் படங்களில் அடிக்கடி வரும். டிஃப்ரிஞ்சை இருபது வரை ஏற்றினாலும் அசையாது. மாஸ்க் போட்டு அந்த இடத்தின் டின்ட்டைப் பச்சைப் பக்கம் தள்ளி, சாச்சுரேஷனைக் குறைத்தால் ஓரளவு மறையும். எடுக்கும்போதே உள்ளங்கையால் வெயிலை மறைத்திருந்தால் வந்திருக்காது.

வாட்ஸ்அப்பில் வந்த படம். என்ன செய்தாலும் ஊதா பிசுபிசுவென்று பரவியிருக்கிறது

ஜேபெக்காகச் சுருக்கும்போது வெளிச்சத்தைவிட நிறத்தின் விவரம் அதிகமாகக் கழியும். ஒரு பிக்சலில் இருந்த ஊதா பக்கத்துப் பிக்சல்களுக்கும் வழிந்துவிடும். அதில் டிஃப்ரிஞ்ச் போட்டால் திட்டுத் திட்டாக வரும். டார்க்டேபிளின் ரா குரோமாட்டிக் அபரேஷன்ஸ் மாட்யூல் ஜேபெக்கில் வேலையே செய்யாது. அனுப்பியவரிடம் மூலப் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேமரா பதித்தபடியே இருக்கும் ரா ஃபைல் கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவும் கிடைக்காது என்றால் ஜிம்ப்பில் சொன்ன பிளர் லேயர்தான் ஒரே வழி. செல்போனிலேயே முடிக்க வேண்டுமென்றால், ஸ்னாப்சீட் பிரஷ்ஷில் சாச்சுரேஷனைக் குறைத்து ஓரங்களில் தேய்க்கலாம். கிளை சாம்பலாகும், கைக்கு அடக்கமான திரையில் அது தெரியாது.

எவ்வளவு தூரம் போவது என்பதைப் படம் போகும் இடம் தீர்மானிக்கட்டும். நாலுக்கு ஆறு பிரிண்ட்டில் இருநூறு சதவீதத்தில் தெரியும் மெல்லிய கோடு காணாமலே போகும். வரவேற்பறைச் சுவருக்கு இரண்டடி, மூன்றடி ஃப்ரேம் என்றால் பிரிண்ட்டுக்குக் கொடுக்கும் முன் நூறு சதவீதத்தில் மூலைக்கு மூலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கிளை நுனிகளையும் கூரை விளிம்புகளையும் முக்கியமாக.